ஹிரகானாவுக்குக் காசு கொடுக்காதீர்கள்: ஜப்பானிய மொழி ஆரம்ப வகுப்புகள், ஓர் ஒப்பீடு

ஜப்பானிய மொழி படிக்க எங்கே சேரலாம் என்று கேட்பவர்கள் பெரும்பாலும் இரண்டே விஷயம்தான் விசாரிக்கிறார்கள்: ஃபீஸ் எவ்வளவு, சர்டிஃபிகேட் தருவார்களா. கேட்க வேண்டியவைதான், ஆனால் ஆரம்ப நிலையில் ஒரு வகுப்பு உருப்படியானதா என்பதை இந்த இரண்டும் சொல்லாது. நான் கேட்கச் சொல்வது வேறு மூன்று: ஒரு வகுப்பில் உங்களுக்குப் பேசக் கிடைப்பது எத்தனை நிமிடம், எந்தப் புத்தகம், ஆசிரியர் எந்த மொழியில் விளக்குகிறார். சென்னையில் இருக்கும் ஒருவருக்கு முன்னால் இன்று இருக்கும் வழிகளை இந்த மூன்றையும் வைத்தே பார்த்துவிடலாம், ஏனென்றால் மூன்றாவது கேள்வியைத் தமிழர்கள் யாரும் கேட்பதே இல்லை, அதில்தான் நமக்கு லாபமே இருக்கிறது.

முதலில் எழுத்துக் கதையை முடித்துவிடுவோம். பல இடங்களில் முதல் மாதம் முழுக்க ஹிரகானா, கதகானா என்ற இரண்டு எழுத்து முறைகளிலேயே ஓடிவிடும், அதற்கும் சேர்த்துத்தான் ஃபீஸ். அடிப்படை எழுத்துகள் ஒவ்வொன்றிலும் 46தான். 247 எழுத்தை அரைக்கால் சட்டை வயதில் பார்த்துவிட்ட நமக்கு இது ஒரு மலையே இல்லை. இன்னொன்றும் உண்டு: ஜப்பானிய எழுத்து வரிசை அ, இ, உ, எ, ஒ என்று தொடங்கி க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ என்று போகிறது. ஹ வரிசை ஒரு காலத்தில் ப வரிசையாக ஒலித்தது என்பதையும் சேர்த்துக்கொண்டால் கிட்டத்தட்ட நம் வரிசையேதான். தற்செயல் இல்லை, பௌத்தத் துறவிகள் சமஸ்கிருத ஒலி வகைப்பாட்டைப் படித்ததன் வழியாக ஜப்பானுக்குப் போன வரிசை அது. ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர் உருப்போட வேண்டியது நமக்கு ஏற்கெனவே வாயில் இருக்கிறது. கட்டம் போட்ட நோட்டு ஒன்று வாங்கி, தினம் அரை மணி நேரம் எழுதினால் சில வாரங்களில் முடிந்துவிடும், முடித்துவிட்டு வகுப்புக்குப் போங்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை, ஜப்பானியச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்துப் படிக்காதீர்கள் (இந்தக் கட்டுரையில் நான் எழுதத்தான் போகிறேன், வேறு வழியில்லை). வானிலைக்கான சொல்லும் மின்சாரத்துக்கான சொல்லும் நம் எழுத்தில் ‘தென்கி’ என்றே வந்து நிற்கும். முதலாவதில் ‘பத்து’வில் வரும் த, இரண்டாவதில் ‘பந்து’வில் வரும் த. நோட்டில் இரண்டும் ஒன்றாகவே இருந்தால் வாயிலும் ஒன்றாகத்தான் வரும், கரண்ட் இல்லை என்று சொல்லப் போய் வானிலை இல்லை என்பீர்கள்.

சரி, வகுப்புகளுக்கு வருவோம். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஜப்பானிய நிறுவனங்கள் வரவர, சென்னையில் இந்த வகுப்புகளுக்குப் பஞ்சமே இல்லாமல் போய்விட்டது. ஜப்பானில் பயிற்சி பெற்றுத் திரும்பியவர்களின் சங்கமான ஏபிகே-ஏஓடிஎஸ் தோசோகாய் மாதிரிப் பழைய அமைப்பும் உண்டு, மாடிப்படிக்குக் கீழே போர்டு மாட்டிய சின்னச் சின்ன மையங்களும் உண்டு. நேரில் போகும் வார இறுதி வகுப்பின் பெரிய பலம், அடுத்த சனிக்கிழமை ஒருத்தர் முகத்தில் விழிக்க வேண்டும் என்கிற பயம். வீட்டுப்பாடம் அந்தப் பயத்தில்தான் நடக்கிறது. பலவீனம் கூட்டம். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: இரண்டு மணி நேர வகுப்பில் பாதி ஆசிரியர் பேச்சு என்று வைத்தால் மிச்சம் 60 நிமிடம். 30 பேர் இருந்தால் ஆளுக்கு 2 நிமிடம், 6 பேர் இருந்தால் 10 நிமிடம். அந்த 2 நிமிடத்திலும் ஒன்று கூச்சத்தில் போய்விடும். ஆகவே டெமோ வகுப்புக்குப் போனால் ஆசிரியரின் உச்சரிப்பைவிட நாற்காலிகளை எண்ணுங்கள். கூட்டம் பெரிதாக இருந்தாலும் இருவர் இருவராகப் பிரித்துப் பேசவிடும் ஆசிரியர் கிடைத்தால் பிழைத்தோம், அங்கே சேரலாம்.

நேர்வகுப்புகளில் இன்னொரு சிக்கல், எல்லாம் ஜேஎல்பிடி என்ற ஜப்பானிய மொழித் திறன் தேர்வை நோக்கியே ஓடும். அந்தத் தேர்வு எளிதான என்5-இல் தொடங்கிக் கடினமான என்1 வரை, ஜூலை, டிசம்பர் என ஆண்டுக்கு இரு முறை. என்5-க்கு மொத்தம் 180 மதிப்பெண், 80 எடுத்தால் தேர்ச்சி, கூடவே சொல், இலக்கணம், வாசிப்புப் பகுதியில் 120-க்கு 38, கேட்டல் பகுதியில் 60-க்கு 19 குறைந்தபட்சம் வேண்டும். எல்லாமே கொடுத்த விடைகளுக்குள் ஒன்றைக் கறுப்படிக்கும் சமாச்சாரம். பேச்சுத் தேர்வு கிடையாது, கையால் ஒரு வரி எழுத வேண்டியதும் கிடையாது. அதனால் பேசாமலே என்5, என்4 பாஸ் செய்துவிட்டு, ஜப்பானிய விருந்தினர் முன்னால் ‘ஹாஜிமேமாஷிதே’ என்ற அறிமுக வணக்கத்துக்கு அப்புறம் ஊமையாகிவிடுபவர்கள் ஏராளம். அவர்களைக் குறை சொல்லி என்ன பயன், தேர்வு அப்படி.

புத்தகம். சென்னை மையங்களில் பெரும்பாலும் ‘மின்னா நோ நிஹோங்கோ’தான். பாடப்புத்தகம் முழுக்க ஜப்பானிய மொழியிலேயே இருக்கும், இலக்கண விளக்கத்துக்குத் தனிப் புத்தகம். ஆரம்ப நிலைக்கு இரண்டு பாகம், பாகத்துக்கு 25 பாடம். ஒழுங்கு உண்டு, பயிற்சி கொட்டிக் கிடக்கும், ஆனால் உரையாடல்களில் ஒரு ஆபீஸ் வாடை. இந்தியப் பதிப்பு இருப்பதால் விலை கட்டுப்படியாகும். ‘கென்கி’ ஆங்கிலத்தில் விரிவாக விளக்கும், தனியாகப் படிப்பவருக்கு அதுதான் வசதி, ஆனால் அந்த விளக்கங்கள் ஆங்கிலத்தில் யோசிப்பவரை மனதில் வைத்து எழுதப்பட்டவை. ஜப்பான் அரசின் பண்பாட்டு அமைப்பான ஜப்பான் ஃபவுண்டேஷனின் ‘மருகோதோ’ மொழியையும் பண்பாட்டையும் சேர்த்தே தருகிறது, பேசுவதற்கு ஒரு புத்தகம், இலக்கணத்துக்கு ஒரு புத்தகம். அதே அமைப்பு ஜப்பானில் வேலைக்குப் போகிறவர்களுக்காகப் போட்ட ‘இரோதோரி’ பிடிஎஃப்பாகவும் ஒலிப்பதிவாகவும் முழுக்க இலவசம். காசே செலவழிக்க மனமில்லாதவர் அதிலிருந்தே தொடங்கலாம், தரத்தில் குறை ஒன்றும் இல்லை. எதை எடுத்தாலும் ஒன்றை மட்டும் எடுங்கள், நான்கு புத்தகத்திலும் முதல் ஐந்து பாடம் மட்டும் முடித்தவர்களை நிறையப் பார்த்தாயிற்று.

இப்போது அந்த மூன்றாவது கேள்வி. வகுப்புகளில் பெரும்பாலும் விளக்கம் ஆங்கிலத்தில்தான் நடக்கும். ஜப்பானியர் நடத்தினால் சில இடங்களில் முழுக்க ஜப்பானிய மொழியிலேயே. தமிழில் யோசிக்கும் ஒருவருக்கு ஆங்கிலம் வழியாக ஜப்பானிய மொழி படிப்பது தாம்பரத்திலிருந்து பல்லாவரம் போக செங்கல்பட்டு சுற்றிப் போகிற கதைதான். ‘நான் சென்னைக்குப் போகிறேன்’ என்பதைச் சொல்லுக்குச் சொல் அப்படியே வைத்தால் ‘வதாஷி வ சென்னை நி இகிமாசு’. வினை கடைசியில், வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால். ‘நானும்’ என்றால் ‘வதாஷி மோ’, அவர்களுடைய ‘மோ’ நம்முடைய ‘உம்’. ‘என்று சொன்னார்’ என்பதற்கு ‘தோ’, ‘வரை’க்கு ‘மதே’, எல்லாம் நாம் வைக்கும் இடத்திலேயே. கொரே, சொரே, அரே என்று அருகில், கேட்பவர் பக்கம், தொலைவில் என மூன்றாகச் சுட்டுவது ஆங்கிலத்தார் குழம்பும் இடம், யாழ்ப்பாணத்தில் இது, உது, அது என்று இன்றும் பேசுகிறவருக்கு அதில் குழம்ப என்ன இருக்கிறது?

மின்னாவில் 14-ஆவது பாடத்தில் ‘தே’ வடிவம் வரும், வகுப்பில் ஆட்கள் குறையத் தொடங்குவது பெரும்பாலும் அந்த வட்டாரத்தில்தான். ஆங்கிலத்தில் விளக்கும்போது அது ஒரு விநோத ஜந்து. தமிழில் பார்த்தால் நம் செய்து, எழுதி, சாப்பிட்டு என்கிற வினையெச்சம், அவ்வளவுதான். அதன்மேல் துணைவினை ஏறும் விதம்கூட ஒன்றே: ‘தபேதே மிரு’ சாப்பிட்டுப் பார், அதிலும் ‘மிரு’ என்றால் பார்ப்பதுதான். ‘கைதே ஓகு’ எழுதி வை, ‘ஓகு’ வைப்பதுதான். ‘தபேதே ஷிமாவு’ சாப்பிட்டுவிடு. இவை இரண்டாம் பாகத்தில் ஆளுக்கொரு பாடமாகத் தனித்தனி ‘பேட்டர்ன்’களாக வரும், தமிழ் தெரிந்த ஆசிரியர் ஒரு மணி நேரத்தில் மூன்றையும் சொல்லி முடிக்கலாம். ஓனோ சுசுமு என்ற ஜப்பானிய மொழியியலாளர் இரண்டும் உறவுள்ள மொழிகள் என்றே வாதிட்டார், துறையில் பெரும்பாலானவர்கள் அதை ஏற்கவில்லை. உறவோ இல்லையோ, வாக்கியம் ஒரே மாதிரி ஓடுகிறது, படிக்கிறவனுக்கு அது போதும்.

எல்லாவற்றுக்கும் தமிழ் கைகொடுக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பெயருக்குப் பின்னால் ஒட்டும் ‘வ’வுக்கும் ‘க’வுக்கும் உள்ள வித்தியாசம் நமக்கும் தலைவலிதான், சீனத்திலிருந்து வந்த கன்ஜி எழுத்துகள் எல்லோருக்கும் தலைவலி. அதனால் என் யோசனை: முதல் ஆறு மாதம், அதாவது தே வடிவம் தாண்டும்வரை, தமிழ் பேசும் ஆசிரியர், அதற்கு அப்புறம் ஜப்பானியர். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள், ‘நேட்டிவ்’ ஆசிரியர்தான் வேண்டும் என்று முதல் நாளே தேடிப்போய், ஒன்றும் புரியாமல் மூன்றாவது வாரம் காணாமல் போகிறார்கள்.

பண்பாட்டு விஷயத்தில் விளம்பரத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். ஒரிகாமி மடிப்பது, யுகாதா உடை கட்டிப் படம் எடுப்பது, இகெபானா மலர் அலங்கார டெமோ எல்லாம் நன்றாகத்தான் இருக்கும், யாருக்குப் பிடிக்காது. ஆனால் வகுப்பில் சொல்லித்தர வேண்டிய பண்பாடு பேச்சுக்குள் இருக்கிறது. ஆபீஸுக்கு வாடிக்கையாளரிடமிருந்து போன் வருகிறது, மேலாளர் தனகா இல்லை. நம் வழக்கப்படி ‘தனகா சார் இப்ப இல்லைங்க’ என்போம், சார் போடாவிட்டால்தான் தப்பு. ஜப்பானில் வெளியாளிடம் பேசும்போது ‘தனகா இல்லை’ என்று ‘சான்’ என்ற மரியாதை ஒட்டு இல்லாமல் மொட்டையாகச் சொல்வதுதான் மரியாதை, ஏனென்றால் அந்த நிமிடம் தனகா நம்மவர், நம்மவரை அடுத்தவர் முன்னால் உயர்த்தக் கூடாது. வீட்டிலும் அதே கணக்கு: அடுத்தவர் அம்மா ‘ஒகாஅசான்’, நம் அம்மாவைப் பற்றி வெளியில் பேசும்போது ‘ஹஹா’. நம் அப்பா ‘சிச்சி’, சிரிக்காமல் சொல்லப் பழகுங்கள். அப்பா வந்தார் என்று யாரிடமும் ‘ஆர்’ போட்டே பேசி வளர்ந்த நமக்கு இதுதான் மாற்றிக்கொள்ளக் கஷ்டமான பழக்கம், எந்தக் கிமோனோ தினத்திலும் இதைச் சொல்லித்தர மாட்டார்கள்.

இதேபோல ‘ஹை’, அதாவது ‘ஆமாம்’. கூட்டத்தில் ஜப்பானியர் வரிக்கு வரி ‘ஹை, ஹை’ என்பதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, முடிந்தது என்று மெயில் போட்டு மாட்டிக்கொள்பவர்கள் உண்டு. பல நேரம் அது ‘கேட்டுக்கொண்டிருக்கிறேன்’ என்பதற்கான ஓசை, நம் பாட்டிகள் கதை சொல்லும்போது நம்மைக் கொட்டச் சொல்வார்களே ‘ம்’, அதுதான். ‘நீங்கள்’ என்பதற்கு ‘அனதா’ என்று முதல் பாடத்தில் படித்துவிட்டு ஆசிரியரையே ‘அனதா’ என்று கூப்பிடும் மாணவரை, அங்கேயே நிறுத்தி ‘சென்செய்’ என்று சொல்ல வைக்கிறார்களா என்று டெமோவில் கவனியுங்கள். செருப்பை வாசலில் விடுவதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, கழிவறைக்குள் போட்டுக்கொண்ட செருப்போடு கூடத்துக்கு வந்துவிடக் கூடாது என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும்.

ஆன்லைன் வகுப்பில் இரண்டு ரகம். ஜூம் கூட்டத்தில் 40 பேரை வைத்து நடத்துவது, அதில் நேர்வகுப்பின் குறை எல்லாம் இருக்கும், பயம் மட்டும் இருக்காது, கேமராவை அணைத்துவிட்டு இட்லி சாப்பிடலாம். அதைவிட இலவச வீடியோ மேல். இன்னொன்று ஐடாக்கி மாதிரித் தளங்களில் ஆசிரியரோடு தனியாக. அங்கே நேரம் முழுக்க உங்களுடையது, ஒரு மணி நேரத்தில் 30 நிமிடமாவது வாய் திறந்தே ஆக வேண்டும். மணிக்கு இவ்வளவு என்று கட்டணம் இருப்பதால் வாரம் ஒன்று என்று வைத்துக்கொள்வதே பர்ஸுக்கு நல்லது. நேரத்தை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: ஜப்பான் நமக்கு மூன்றரை மணி நேரம் முன்னால். வேலை முடிந்து இங்கே இரவு 8 மணிக்கு உட்கார்ந்தால் அங்கே 11:30, நல்ல ஆசிரியர்கள் தூங்கியிருப்பார்கள். காலை 6:30-க்கு உட்கார்ந்தால் அங்கே 10 மணி. இந்த வழி ஐந்து மணிக்கு எழுபவர்களுக்கானது.

ஆப் வைத்துப் படிப்பதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. டுவோலிங்கோ தினமும் தொட வைக்கும், பேச வைக்காது. சொற்களை மனதில் நிறுத்த அன்கி நல்லது, ஆண்ட்ராய்டில் இலவசம், ஐபோனில் காசு. ஜப்பான் ஃபவுண்டேஷனின் மினாதோ தளத்தில் மருகோதோ பாடங்களே இணைய வகுப்பாக இருக்கின்றன, தனியாகப் படிக்கும் ஒழுக்கம் உள்ளவருக்கு ஆப்களைவிட அது எவ்வளவோ தேவலை.

நேராக ஜப்பானுக்கே போய் மொழிப் பள்ளியில் சேர்வது கையில் பணமும் இளமையும் இருப்பவர்களுக்கு. ஏப்ரல், அக்டோபர் சேர்க்கைகள்தான் பெரியவை, ஆண்டுக் கட்டணம் சுமார் 7 முதல் 9 லட்சம் யென், தங்குவதும் சாப்பிடுவதும் தனி. மாணவர் விசாவில் அனுமதி வாங்கி வாரம் 28 மணி நேரம்வரை பகுதி நேர வேலை பார்க்கலாம், அதை நம்பி மொத்தச் செலவையும் போட்டால் வகுப்பில் தூங்கத்தான் முடியும். சக மாணவர்களில் சீனர்கள் இருப்பார்கள், கன்ஜியில் அவர்கள் ஓடுவதைப் பார்த்து மனம் உடையாதீர்கள், இலக்கணத்தில் நீங்கள் முந்துவீர்கள். சேர்வதற்குப் பெரும்பாலான பள்ளிகள் என்5 அல்லது 150 மணி நேரம் படித்ததற்கான சான்று கேட்கும். சென்னை வகுப்பின் சர்டிஃபிகேட்டுக்கு உண்மையான மதிப்பு இருக்கும் இடம் இதுதான், அதில் மணி நேரம் குறிப்பிட்டிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், வண்ண வண்ணமாக முத்திரை இருந்து மணி நேரம் இல்லாவிட்டால் பிரயோஜனமில்லை.

கணவர் அல்லது மனைவியின் வேலையால் ஜப்பானில் போய் இறங்கியவர்களுக்கு வேறு ஒரு நல்ல வழி இருக்கிறது, ஆனால் பலருக்குத் தெரிவதில்லை: நகராட்சியோ உள்ளூர் சர்வதேச நட்புறவுச் சங்கமோ நடத்தும் தன்னார்வ வகுப்பு. தோக்கியோவில் நம்மவர்கள் நிறைய இருக்கும் எதோகாவா மாதிரியான பகுதிகளிலும் உண்டு. கட்டணம் பெயருக்குத்தான், சொல்லித்தருபவர்களில் ஓய்வுபெற்ற பெரியவர்கள் அதிகம். வாரம் ஒரு முறைதான், இலக்கணம் ஒழுங்காகப் போகாது, இந்த வாரம் சொன்னவர் அடுத்த வாரம் வராமலும் போகலாம். ஆனால் எந்தக் கிழமை எரியும் குப்பை, எந்தக் கிழமை பிளாஸ்டிக், பிள்ளையின் பள்ளியிலிருந்து வந்த துண்டுச்சீட்டில் என்ன எழுதியிருக்கிறது, ஜூலை 7 தனபாதா திருவிழாவுக்குக் காகிதத்தில் வேண்டுதல் எழுதி மூங்கிலில் கட்டுவது எப்படி, இதெல்லாம் பெரிய பள்ளிகளில் கிடைக்காத பாடம். வீட்டில் ஒரு புத்தகத்தை முறையாகப் படித்துக்கொண்டு இங்கே பேசப் போனால் இதற்கு ஈடு கிடையாது.

கடைசியாக, ‘ஜப்பானில் வேலை, மொழிப் பயிற்சி இலவசம்’ என்று வரும் வகுப்புகள். 2019-இல் தொடங்கிய ‘குறிப்பிட்ட திறன்’ (எஸ்எஸ்டபிள்யூ) என்ற வேலை விசாவுக்கு என்4 அல்லது ஜேஎஃப்டி பேசிக் தேர்வில் 250-க்கு 200 வேண்டும், அதோடு தொழில் திறன் தேர்வும் உண்டு, முதியோர் பராமரிப்பு வேலைக்கு அதற்கென்று தனி மொழித் தேர்வு வேறு. வாரம் ஆறு நாளும் காலை முதல் மாலைவரை உட்கார வைக்கும் இந்தப் பயிற்சிகளில் மொழி வேகமாக வரும் என்பதை மறுக்க முடியாது. ஆனால் கையெழுத்துப் போடும் முன் அந்த ஏஜென்ட் இந்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்றவரா என்று பாருங்கள், சேவைக் கட்டணத்துக்கு உச்சவரம்பு 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். பாதியில் நின்றால் பயிற்சிச் செலவைத் திருப்பித் தர வேண்டும் என்று எங்காவது பொடி எழுத்தில் இருக்கிறதா என்றும் படியுங்கள். அசல் பாஸ்போர்ட்டையும் பள்ளிச் சான்றிதழ்களையும் ‘வைத்துக்கொள்கிறோம்’ என்று கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

இவ்வளவையும் பார்த்தபின் என்5 தேர்வு எழுத வேண்டுமா என்ற கேள்வி வரும். மொழிப் பள்ளிக்கு விண்ணப்பிப்பவர் எழுதுங்கள். மற்றவர்கள் நேராக என்4-க்குப் போகலாம், ‘குறிப்பிட்ட திறன்’ விசாவும் அங்கேதான் தொடங்குகிறது, ஐடி நிறுவனங்கள் மொழிக்கென்று ஆள் எடுத்தால் என்3-க்குக் கீழே பெரும்பாலும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. கூச்ச சுபாவம் உள்ளவராக இருந்து, ஒரு தேர்வு இருந்தால்தான் படிப்பேன் என்றால் அது வேறு விஷயம், எழுதுங்கள். டிசம்பர் தேர்வுக்கான பதிவு மாதங்களுக்கு முன்பே முடிந்துவிடும், வகுப்பில் சேர்த்துவிட்டு அதைச் சொல்ல மறந்துவிடும் மையங்கள் உண்டு, அதனால் தேதியை நீங்களே பார்த்துக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.